மவுத்வாஷைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி

மருந்துக் கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் மவுத்வாஷ் பாட்டில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. ஒன்று பல் சொத்தையைத் தடுக்க, ஒன்று ஈறு வீக்கத்துக்கு, இன்னொன்று வாய் நாற்றத்தைக் கொஞ்ச நேரம் மறைக்க. வாங்குமுன் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். குளோர்ஹெக்சிடின், சோடியம் ஃபுளோரைடு, போவிடோன் அயோடின், ஆல்கஹால் இவற்றில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்பதெல்லாம் மாறும்.

எந்தப் பாட்டிலும் பல் துலக்குவதற்கு ஈடாகாது. பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தைப் பிரஷ் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மேலே ஓடிப்போகும் திரவத்தால் அது முழுதாகப் போகாது. மிருதுவான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்வு, 2 நிமிடம், காலையும் இரவும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் இரவில் துலக்குவதைத் தவற விடவே கூடாது. கரி, உப்பு, செங்கல் தூள் போன்ற சொரசொரப்பான பொடிகள் பல்லின் கழுத்துப் பகுதியை அரித்துக் கூச்சத்தில் கொண்டுபோய் விடும்.

குளோர்ஹெக்சிடின்: நாள் கணக்கு முக்கியம்

பல் பிடுங்கிய பிறகும், ஈறு சிகிச்சைக்குப் பிறகும் பல் டாக்டர் பெரும்பாலும் எழுதித் தருவது கிருமிகளைக் கொல்லும் இந்த மருந்தைத்தான். 0.2% என்றால் வழக்கமான அளவு 10 மில்லி, சுமார் 1 நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. சம அளவு தண்ணீர் கலக்கச் சொல்லியிருந்தால் கொப்பளிக்கும் நேரத்தில் மூடியில் கலந்தால் போதும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள்.

இந்த மருந்து பல்லிலும் வாய்த் தோலிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வெளிவரும். அதன் பலமே அதுதான். ஆனால் டூத்பேஸ்ட்டில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இதைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். எனவே பல் துலக்கி, வாயை நன்றாகக் கழுவி, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் இதை வாயில் விட வேண்டும். கொப்பளித்துத் துப்பிய பின் கசக்கிறதே என்று உடனே தண்ணீரால் கழுவினால் ஒட்டிய மருந்தும் போய்விடும்.

அடுத்தது கறை. சில நாட்களிலேயே ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் பழுப்புக் கோடு தெரியத் தொடங்கும், நாக்கும் கருக்கும். காபி, டீ குடித்தால் கறை வேகமாக ஏறும். டீயை முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்; கொப்பளித்த பின் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். குழம்பில் உப்பே இல்லாததுபோலத் தோன்றினால் அதற்கும் இதுவே காரணம்: நாக்குக்கு உப்புச் சுவை தற்காலிகமாக மங்கும். மருந்தை நிறுத்தினால் சுவை திரும்பிவிடும். கறையைப் பல் டாக்டர் சுத்தம் செய்து எடுத்துவிடலாம். இரண்டு வாரம் என்று எழுதித் தந்த பாட்டிலை அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் பயன்படுத்துவதுதான் பெரிய தவறு.

மிக அரிதாகச் சிலருக்கு இது கடும் ஒவ்வாமை தரும். உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு திணறினாலோ உடனே துப்பிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

ஃபுளோரைடு வகை

சொத்தை அடிக்கடி வருபவர்களுக்கும், பல்லில் கிளிப் போட்டிருப்பவர்களுக்கும் இது உதவும். தினசரி வகையில் சோடியம் ஃபுளோரைடு 0.05% இருக்கும், ஃபுளோரைடாகக் கணக்கிட்டால் சுமார் 225 பிபிஎம் (பத்து லட்சத்தில் 225 பங்கு). ஃபுளோரைடு டூத்பேஸ்ட்டில் 1000 பிபிஎம் வரை இருக்கிறது. பல் துலக்கிய கையோடு இதைக் கொப்பளித்தால், பல்லில் தங்கியிருக்கும் செறிவான ஃபுளோரைடை நீர்த்ததைக் கொண்டு கழுவி விடுகிறோம். பேஸ்ட் நுரையைத் துப்பினால் போதும்; மவுத்வாஷை மதிய உணவுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி, 1 நிமிடம், பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் போர்வெல் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு, பல் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

அயோடின் கலந்த கிருமிநாசினியான போவிடோன் அயோடின் கார்கிள் 2% ஆக வரும். சம அளவு தண்ணீர் கலந்து அரை நிமிடம் கொப்பளிக்கலாம். வெட்டுக் காயத்துக்குப் போடும் 5%, 10% கரைசலும் அதே பழுப்பு நிறம்தான், அதை வாயில் விடாதீர்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும் டாக்டர் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

ஆல்கஹால் கலந்த வகைகளில் சிலவற்றில் 20 சதவீதத்துக்கும் மேல் எத்தனால் இருக்கிறது. வாய் உலர்வு, வாய்ப்புண், கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை உள்ளவர்களுக்கு அது எரிச்சலைக் கூட்டும். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் சாப்பிடுபவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் இறங்கலாம். ஈறு சீழுக்கு மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும் ஆல்கஹால் இல்லாத பாட்டிலே நல்லது.

வீட்டில் குழந்தை இருந்தால்

6 வயதுக்குள் மவுத்வாஷ் தேவையில்லை. துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். அதற்கு மேல், முதலில் வெறும் தண்ணீரில் பழக்குங்கள். 10 மில்லி அளந்து வாயில் விட்டு, அரை நிமிடம் கொப்பளித்து டம்ளரில் துப்பச் சொல்லி, அளந்து பாருங்கள். போன அளவு திரும்பி வந்தால் பிள்ளை தயார்.

பாட்டிலை வாஷ்பேசின் மேல் வைக்காமல் எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் மாற்றி ஊற்றாதீர்கள். 20% ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் 30 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம் எத்தனால் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதுவே ஆபத்து, ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நன்றாக விழித்திருந்தால் சர்க்கரை கலந்த பால் கொடுத்து, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தள்ளாட்டமோ தூக்கக் கலக்கமோ தெரிந்தால் வாயில் எதுவும் கொடுக்காமல் 108.

பல் பிடுங்கிய முதல் 24 மணி நேரம் எதையும் கொப்பளிக்கக் கூடாது. குழியை மூடியிருக்கும் ரத்தக் கட்டி பெயர்ந்தால் தாங்க முடியாத வலி வரும். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் மெல்ல உருட்டித் துப்பலாம்.

வாய் நாற்றத்துக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் நாக்கின் பின்பகுதி. நாக்கு வழிப்பானால் உள்ளிருந்து வெளியே மூன்று நான்கு முறை, ரத்தம் வராமல் மெதுவாக வழியுங்கள். பல் இடுக்கை ஃபிளாஸ் அல்லது குட்டிப் பிரஷ் கொண்டு எடுங்கள். அப்படியும் நாற்றம் விடவில்லை என்றால் ஈறில் நோய் இருக்கலாம். பல் துலக்கும்போது ரத்தம் தொடர்ந்து வருவது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரலை நிறுத்தி நுழைக்க முடியாதபடி வாய் திறப்பு குறைவது இவற்றில் எதையும் கொப்பளித்துச் சமாளிக்கக் கூடாது. பாக்கு, புகையிலை போடுபவர்கள் என்றால் அந்த வாரமே பல் டாக்டரிடம் வாயைக் காட்டிவிட வேண்டும்.