மாரியோ 1-1: முதல் ஸ்டேஜை நிதானமாகக் கற்றுக்கொள்வது எப்படி

சூப்பர் மாரியோ பிரதர்ஸை முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் காரியம், எப்படியாவது அடுத்த ஸ்டேஜுக்குப் போய்விட வேண்டும் என்று விழுந்தடித்து ஓடுவது. மொத்தம் 8 உலகங்கள், உலகத்துக்கு 4 ஸ்டேஜ், ஆக 32 இருக்கிறதே என்ற அவசரம். என்னைக் கேட்டால், ஒரு வாரத்துக்கு 1-1ஐ விட்டு நகரவே வேண்டாம். பின்னால் வரும் 31 ஸ்டேஜுக்கும் தேவைப்படும் கைப்பழக்கம் எல்லாம் இந்த ஒன்றிலேயே கிடைத்துவிடும்.

ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து வடிவமைத்து, 1985 செப்டம்பர் 13 அன்று நின்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாம் என்ற தன் டிவி கேம் பெட்டிக்காக வெளியிட்ட கேம் இது. கேசட்டுக்குள் இருந்த மொத்த இடம் 40 கிலோபைட்தான், இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது. மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே படம்: வெள்ளை நிறம் கொடுத்தால் மேகம், பச்சை கொடுத்தால் புதர். எந்த பட்டன் எதற்கு என்று கேமுக்குள் ஒரு வரிகூட எழுதியிருக்காது. பொருட்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே பாடம்.

நம் ஊரில் பலருக்கு இது வந்து சேர்ந்தது, ஃபேமிகாமின் நகலாக விற்ற டிவி கேம் பெட்டியில், நூறு கேம் ஆயிரம் கேம் என்று அட்டை ஒட்டிய கேசட்டுக்குள். அப்படி ஒரு பெட்டி வீட்டில் இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே பழகலாம். நின்டெண்டோ ஸ்விட்ச்சும் அதன் ஆன்லைன் சந்தாவும் இருப்பவர்களுக்கு, பழைய கேம்களின் தொகுப்பில் இதுவும் கிடைக்கும்.

படி 1: முதலில் கட்டைவிரல்

இடது கையில் திசை. வலது கையில் இரண்டு பட்டன்: இடப்பக்கம் பி, வலப்பக்கம் ஏ. ஏ அழுத்தினால் குதிப்பான், பி அழுத்திக்கொண்டே நகர்ந்தால் ஓடுவான்.

போன மே மாத லீவில் என் அக்கா மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். நான்காம் வகுப்பு. அவள் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்துகொண்டே இருந்தாள், அதனால் நான் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைக் கவனித்தேன். பி-யை அழுத்தி நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் பள்ளம் கண்ணில் பட்டதும் கட்டைவிரலை பி-யிலிருந்து முழுதாகத் தூக்கி, ஏ எங்கே என்று தேடி, பிறகு அழுத்தினாள். விரல் தூக்கி வைப்பதற்குள் ஓட்டம் நடையாகிவிடுகிறது, குதிப்பும் பாதியில் நின்றுவிடுகிறது.

இதற்கு வழி, கட்டைவிரலின் நுனி பி மேலேயே இருக்க வேண்டும், அதை எடுக்கவே கூடாது. குதிக்கும்போது விரலை அப்படியே படுக்கவைத்தால், நடுக் கணுவுக்குக் கீழே உள்ள சதை ஏ மேல் பதியும். நுனி பி-யில், கணு ஏ-யில். சப்பாத்தி மாவை உள்ளங்கையால் லேசாக உருட்டுவது போன்ற அசைவு, அவ்வளவுதான். முதல் நாள் விரல் வலிக்கும், இரண்டாம் நாள் தானாக வந்துவிடும்.

நகல் பெட்டிகளின் ரிமோட்டில் மேலே இன்னும் இரண்டு பட்டன் இருக்கும், அழுத்திப் பிடித்தால் ஏ, பி இரண்டையும் படபடவென்று தானாகத் தட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் புரியும்.

படி 2: குதிப்பதில் இருக்கும் அளவு

ஸ்டேஜ் தொடங்கியதும் மாரியோ நிற்கும் இடத்திலேயே இருங்கள், திரையின் இடது பாதியைத் தாண்டாதவரை எதிரி யாரும் வரமாட்டார்கள். மேலே 400 என்று ஓடும் கடிகாரம் முழுதாகக் குறைய ஏறக்குறைய 2 நிமிடம் 40 வினாடி ஆகும், அதுவரை இது உங்கள் பயிற்சி மைதானம். நேரம் தீர்ந்தால் ஒரு லைஃப் போகும், போகட்டும்.

ஏ-யைச் சும்மா தட்டிப் பாருங்கள், சின்னத் துள்ளல். இப்போது அழுத்திப் பிடியுங்கள், நாலு செங்கல் உயரத்துக்குப் போவான். எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்களோ அவ்வளவு உயரம், இடைப்பட்ட எல்லா உயரமும் உங்கள் விரலில் இருக்கிறது. படபட பட்டன் இந்த அளவைத்தான் கெடுத்துவிடும், எப்போதும் குட்டித் துள்ளல் மட்டுமே வரும்.

அப்புறம் இன்னொன்று, இதுதான் பலருக்கும் தெரியாமல் போவது. குதித்த பிறகு அந்தரத்தில் திசையை மாற்றலாம், பின்னால்கூட இழுக்கலாம், ஆனால் நின்ற இடத்திலிருந்து குதித்துவிட்டு மேலே போய் ஓட்ட வேகத்தைச் சேர்க்க முடியாது. நின்றபடி குதித்தால் அந்தரத்தில் நடை வேகம்தான் எல்லை. அதனால் பெரிய பள்ளம் தாண்ட வேண்டும் என்றால் இரண்டடி பின்வாங்கி, பி-யைப் பிடித்து ஓடிவந்து, அப்புறம் குதிக்க வேண்டும்.

படி 3: கூம்பாவும் காளானும்

வலப்பக்கம் நடங்கள். பழுப்பு நிறத்தில் புருவம் நெரித்தபடி ஒன்று வரும், அதுதான் கூம்பா. ஒன்றும் செய்யாமல் நின்றால் மோதி லைஃப் போய்விடும். அதன் உச்சந்தலையைக் குறிபார்க்க வேண்டியதில்லை, மாரியோ கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் பட்டால் போதும். அதனால் அது பக்கத்தில் வரும்வரை காத்திருக்காமல் சற்று முன்பே குதித்து, அதன் மேல் இறங்குங்கள்.

மின்னும் கேள்விக்குறிப் பெட்டி தனியாக ஒன்று இருக்கும், கீழிருந்து முட்டினால் காசு. 100 காசு சேர்த்தால் ஒரு லைஃப். அடுத்து செங்கலும் பெட்டியும் மாறி மாறி ஐந்து வரிசையாக இருக்கும், அதில் இடப்பக்கம் முதலில் வரும் கேள்விக்குறிப் பெட்டியை முட்டுங்கள். காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடும், கீழே விழும், எதிரே உள்ள பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி உங்களை நோக்கியே வரும்.

இந்த இடத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் ரசிப்பேன். புதிதாக விளையாடுபவருக்குக் காளானும் கூம்பா போலத்தான் தெரியும், தப்பிக்கப் பார்ப்பார். ஆனால் தலைக்கு மேலே செங்கல் வரிசை இருப்பதால் குதித்தாலும் இடித்துக் கீழேயே விழுவார், காளான் வந்து ஒட்டிக்கொள்ளும், மாரியோ பெரியவனாகிவிடுவான். பயந்த பொருள் நல்லது என்று அப்போது தெரிந்துவிடுகிறது. வேண்டுமென்றே இப்படி அமைத்ததாக மியாமோட்டோவே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

பெரிய மாரியோ ஒருமுறை அடிபட்டால் சின்னவனாக மாறுவான், உயிர் போகாது. செங்கலையும் உடைக்கலாம்.

படி 4: நாலு குழாய்

முதல் குழாய் இரண்டு செங்கல் உயரம், அடுத்தது மூன்று, அதற்கடுத்த இரண்டும் நாலு. ஏ-யை எவ்வளவு நேரம் பிடிப்பது என்ற கணக்கைக் குழாய்களே கேட்டு வாங்குகின்றன. குழாய்களுக்கு நடுவில் கூம்பாக்கள் நடந்துகொண்டிருக்கும், மேலே நின்று பார்த்து அப்புறம் இறங்குங்கள். இந்த ஸ்டேஜில் குழாயிலிருந்து கடிக்கும் செடி எதுவும் வராது, பயமில்லாமல் நிற்கலாம்.

நாலாவது குழாய் மேல் நின்று கீழ்த்திசையை அழுத்தினால் உள்ளே போய்விடலாம். நிலத்தடியில் ஒரு அறை, 19 காசு, வெளியே வரும்போது ஸ்டேஜின் கடைசிப் பகுதிக்கு வந்திருப்பீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஆரம்பத்தில் போகாதீர்கள். பள்ளம், நட்சத்திரம், ஆமை, படிக்கட்டு என்று கற்றுக்கொள்ள வேண்டியது அத்தனையும் அந்தக் குழாய்க்கு அப்பால்தான் இருக்கிறது.

படி 5: முதல் பள்ளம்

நாலாவது குழாயிலிருந்து இறங்கினால் கொஞ்சம் வெட்டவெளி, அப்புறம் பள்ளம். இந்த வெட்டவெளிக்குச் சரியாக நடுவில், கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று தொங்குகிறது. அங்கே நின்று நேராகக் குதித்துப் பாருங்கள், பெட்டி தோன்றி பச்சைக் காளான் வரும், அது ஒரு லைஃப். வந்ததும் அது வலப்பக்கம் ஓடிப் பள்ளத்தில் விழுந்துவிடும், ஆகவே பெட்டியை முட்டிய கையோடு நீங்களும் வலப்பக்கம் ஓடிப் பிடித்துவிட வேண்டும்.

பள்ளத்தைத் தாண்டுவதற்கு ஓரத்தில் காலை நகர்த்தி நகர்த்திப் போய் நிற்காதீர்கள். குழாயிலிருந்தே பி-யோடு ஓடிவந்து, ஓரத்துக்கு ஒரு செங்கல் அகலம் இருக்கும்போதே குதியுங்கள். இது இரண்டு செங்கல் அகலப் பள்ளம், அடுத்து வருவது மூன்று. இரண்டுக்கும் இதே ஓட்டம் தாராளமாகப் போதும்.

திரை பின்பக்கம் நகராது என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். தாண்டி வந்த காளானுக்காகத் திரும்பிப் போக முடியாது.

படி 6: பூ, நட்சத்திரம், ஆமை

பள்ளம் தாண்டியதும் செங்கலுக்கு நடுவில் ஒரு பெட்டி, பெரிய மாரியோவாக இருந்தால் பூ கிடைக்கும். இனி பி-யைத் தட்டினால் தீப்பந்து. ஒரு நேரத்தில் திரையில் இரண்டுதான் இருக்கும், அதனால் வேகமாகத் தட்டிப் பிரயோஜனமில்லை. ஓடிக்கொண்டே சுட வேண்டும் என்றால் பி-யை ஒரு நொடி விட்டு மறுபடி அழுத்துங்கள்.

இரண்டாவது பள்ளத்துக்குப் பிறகு, ஒன்றையொன்று ஒட்டி இரண்டே செங்கல் தனியாக இருக்கும் இடம் வரும், அதில் வலது செங்கலுக்குள் நட்சத்திரம். துள்ளித் துள்ளிப் போகும், துரத்திப் பிடித்தால் கொஞ்ச நேரம் எதில் மோதினாலும் அதுதான் சாகும். பள்ளத்தில் விழுந்தால் மட்டும் நட்சத்திரம் காப்பாற்றாது.

இந்த ஸ்டேஜில் ஆமை ஒன்றே ஒன்றுதான். மிதித்தால் ஓட்டுக்குள் புகுந்துகொள்ளும், ஓட்டைத் தொட்டால் சறுக்கிக்கொண்டு போய் எதிரே வரும் கூம்பாக்களை வரிசையாகச் சாய்க்கும். ஆனால் அதே ஓடு குழாயிலோ படியிலோ மோதித் திரும்பி வந்தால் உங்களையும் அடிக்கும். உதைத்துவிட்டு ஓட்டின் பின்னாலேயே ஓடாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

படி 7: இரட்டைப் படிக்கட்டு

ஸ்டேஜிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எதிரெதிரே இரண்டு படிக்கட்டு, நடுவில் ஒரு இடைவெளி. இடைவெளியில் தரை இருக்கும். தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது, குதித்து ஏறி வந்துவிடலாம். சில அடி தள்ளி கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு ஜோடி, அதே அகல இடைவெளி, ஆனால் இந்த முறை நடுவில் தரை இல்லை, பள்ளம். முதல் ஜோடி ஒத்திகை பார்க்க, இரண்டாவது பரீட்சை.

முதல் ஜோடியில் குறைந்தது பத்து முறை முன்னும் பின்னும் தாண்டுங்கள். திரை நகராமல் இருக்கும்வரை இடப்பக்கமும் திரும்பலாம், இரண்டு பக்கமும் பழகிவிடும். மேல்படியில் ஓடிவர இடம் கிடையாது, ஒரே ஒரு செங்கல் அகலம்தான், அதனால் படி ஏறும்போதே வேகத்தை விடாமல் ஏற வேண்டும். அக்கா மகள் இந்த இடத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் இரண்டாவது ஜோடியைத் தாண்டியபோது நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நுனி பி-யை விட்டு நகரவே இல்லை.

கொடிக்கம்பம்

கடைசியாக உயரமான படிக்கட்டு. உச்சியிலிருந்து ஓட்டத்தோடு குதித்து, கம்பத்தை எவ்வளவு மேலே பிடிக்கிறீர்களோ அவ்வளவு பாயிண்ட், உச்சியில் 5000, அடியில் 100. மீதி நேரத்தின் கடைசி எண் 1, 3, 6 என்று முடிந்தால் கோட்டைக்கு மேல் அத்தனை வாணவேடிக்கை வெடிக்கும்.

முடித்தாயிற்று என்று 1-2க்குப் போகும் முன் ஒரு சோதனை: தொடக்கத்திலிருந்து கொடி வரை பி-யை விடாமலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். தீப்பந்துக்குக்கூட விடக் கூடாது. அது வந்துவிட்டது என்றால் கிளம்பலாம்.

1-2 நிலத்தடி ஸ்டேஜ். அதன் கடைசியில் கூரைக்கு மேல் ஏறி, வெளியேறும் குழாயையும் தாண்டி ஓடினால் 2, 3, 4ஆம் உலகங்களுக்குக் குறுக்குவழி உண்டு. ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், ஆனால் இப்போதைக்கு வரிசையாகவே விளையாடுங்கள். கேம் ஓவர் ஆகிவிட்டால் மறுபடி 1-1இலிருந்துதான் என்று மனம் விடவும் வேண்டாம்: தலைப்புத் திரையில் ஏ-யைப் பிடித்தபடியே ஸ்டார்ட் அழுத்தினால், எந்த உலகத்தில் கடைசி லைஃப் போனதோ அந்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கும். பெட்டியை ஆஃப் செய்துவிட்டால் மட்டும் அது மறந்துவிடும், ஆகவே சாப்பிட எழுந்து போவதாக இருந்தால் பாஸ் போட்டுவிட்டு டிவியை மட்டும் அணையுங்கள்.