இரண்டு ஜோடி டவர் ஸ்பீக்கர், ஓர் எட்டு முழ வேட்டி: வீட்டிலேயே ஒப்பிட்டுக் கேட்கும் முறை

தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர்கள் இரண்டு ஜோடியை முதல் முறை ஒப்பிட்டுக் கேட்டபோது பத்தே நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். அது தவறு என்று தெரிய மூன்று நாள் ஆனது. ஒரு ஜோடி மற்றதைவிடக் கொஞ்சம் சத்தமாக ஒலித்தது, அவ்வளவுதான். சத்தம் கூடினால் தெளிவும் கூடியதாகவே காதுக்குத் தோன்றும். லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கும் பொருளை அந்த மயக்கத்தில் யாரும் வாங்கிவிடக் கூடாது. அதனால்தான் இந்த முறையை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஹால் 12 அடிக்கு 16 அடி. சிவப்புச் சிமெண்டுத் தரை, காங்கிரீட் கூரை, நான்கு பக்கமும் வெறும் சுவர். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், கம்பளமும் திரைச்சீலையும் போட்ட அறையில் ஒரு ஜோடியைக் கேட்டுவிட்டு வந்தால், நாம் பாதி கேட்டது அந்த அறையைத்தான். ஆகவே கடைக்காரரிடம் கேளுங்கள், உறவினரிடம் கேளுங்கள், எப்படியாவது இரண்டு ஜோடிகளையும் ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நான் ஒப்பிட்டவை கேஇஎஃப் ஆர்7 மெட்டாவும் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 702 எஸ்3யும். இரண்டும் இங்கிலாந்து நிறுவனங்களுடையவை. முதலாவது தென்காசியில் இருக்கும் அத்தான் கொடுத்தது.

படி 1: அட்டைப்பெட்டியோடு வரும் தாளைப் படியுங்கள்

அதில் இரண்டு எண்கள் போதும். ஒன்று உணர்திறன், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 702 எஸ்3க்கு 90 டெசிபல், ஆர்7 மெட்டாவுக்கு 87 டெசிபல். மூன்று டெசிபல் வேறுபாடு என்றால், ஒரே அளவு ஒலிக்கு ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு 20 வாட் போதுமென்றால் மற்றதற்கு 40. முதல் நாள் நான் ஏமாந்தது இந்த எண்ணைப் பார்க்காமல்தான். மற்றொன்று மின்தடை. தாளில் ஒன்றுக்கு 8 ஓம், மற்றதற்கு 4 ஓம் என்று இருந்தாலும், இரண்டுமே சில அதிர்வெண்களில் 3 ஓம் அருகே இறங்கிவிடுகின்றன. எளிய ஆம்ப்ளிஃபயர் அங்கே திணறும். அந்தக் குறையை ஸ்பீக்கரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

வயருக்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டாம். மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் தாராளம்.

படி 2: இடத்தைக் குறியுங்கள்

ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து மூன்று அடியாவது முன்னால் வரட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி குமுறும். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். எங்கள் ஹாலில் பக்கத்துக்கு ஏழரை அடி. நாற்காலியில் உட்காருங்கள். தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கேட்பது சுகம்தான், ஆனால் உச்ச ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் தலைக்கு மேலே போய்விடும். 702இல் ட்வீட்டர் பெட்டியின் உச்சியில் தனிக் கூட்டில் இருப்பதால் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. ஆர்7இல் அது நடு ஒலியைத் தரும் மிட்ரேஞ்சின் நடுமையத்திலேயே இருக்கிறது. 1988இல் கேஇஎஃப் கொண்டுவந்த அமைப்பு அது.

இடம் சரியானதும் சிவப்புத் தரையில் சாக்பீஸால் ஸ்பீக்கரின் நான்கு மூலைகளையும் நாற்காலிக் கால்களையும் குறித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 30 கிலோவை ஒட்டிய எடை. தூக்கி மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒரு சாண் இடம் மாறினாலும் ஒலி மாறிவிடும்.

எதிரொலி அதிகமாக இருந்தால் பத்தமடைப் பாயை நம்பாதீர்கள். அழகான பாய், ஆனால் மெல்லியது. பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். கைதட்டினால் எழும் கணகணப்பு அடங்குவதைக் கேட்கலாம்.

படி 3: ஒலியளவைச் சமன் செய்யுங்கள்

இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள். கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றை நிறுவி, நாற்காலியில் உங்கள் காது இருக்கும் உயரத்தில் கைபேசியை நிற்க வையுங்கள். பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சலை ஒலிக்க விடுங்கள். மழை ஓட்டில் விழுவதுபோல் இருக்கும். முதல் ஜோடி 75 காட்டும் இடத்தில் ஆம்ப்ளிஃபயரின் எண்ணைத் தாளில் எழுதுங்கள். அடுத்த ஜோடியும் அதே 75 காட்டும்வரை திருகி, அந்த எண்ணையும் எழுதுங்கள். கைபேசி காட்டும் அளவு துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும். அரை டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

படி 4: ஒற்றையாகக் கேளுங்கள்

ஸ்டீரியோவின் விரிவு பல குறைகளை மூடிவிடும். ஆகவே முதலில் ஒன்றுக்கு ஒன்று. இடப்பக்க இணைப்பில் ஒரு நிறுவனத்தின் ஸ்பீக்கர், வலப்பக்க இணைப்பில் மற்றொன்று. இரண்டையும் அருகருகே ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்றை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் திருகை இடமும் வலமும் திருப்பினால், ஒரு நொடியில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். ஒலியளவை இங்கேயும் தனியாகச் சமன் செய்துகொள்ளுங்கள். பிறகு இரண்டின் இடத்தையும் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள்.

மோனோ பதிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை. 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரப் பதிவுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். தாழ்ந்த ஒலியும் உச்ச ஒலியும் அந்தக் காலப் பதிவில் குறைவு, நடுப்பகுதிதான் முழுக்க. மனிதக் குரலும் நாதஸ்வரமும் வாழ்வது அந்தப் பகுதியில். ஒரு கமகத்தை முப்பது விநாடி, திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஆனித் திருவிழாவில் தேருக்கு முன்னால் நின்று கேட்ட, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் அந்தக் கரகரப்பு எதில் வருகிறது, எதில் மழுங்குகிறது என்பது பத்தாவது முறையில் தெளிந்துவிடும்.

படி 5: வேட்டியைக் கட்டுங்கள்

1994இல் ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்பீக்கரைப் பார்த்தபடி கேட்டவர்கள் ஒருவிதமாக மதிப்பிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களைப் பார்க்காமல் கேட்டபோது மதிப்பீடு மாறியது. அனுபவம் உள்ளவர்களுக்கும் அதே கதைதான். பளபளக்கும் மரவேலையும் விலையும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

ஆகவே கொடிக்கயிறு கட்டி, மெல்லிய எட்டு முழ வேட்டியை ஒற்றை மடிப்பாகத் தொங்கவிட்டேன். கைத்தறி மெல்லியதாக இருந்தால் ஒலி ஏறத்தாழ அப்படியே வரும். கரை பெரியதாகவோ துணி கெட்டியாகவோ இருக்கக் கூடாது. திருகைத் திருப்பும் வேலையை வீட்டில் ஒருவரிடம் விடுங்கள். எது ஒலிக்கிறது என்று அவர் சொல்ல வேண்டாம். நீங்கள் "முதலாவது", "இரண்டாவது" என்று மட்டும் எழுதுங்கள். பத்து முறை.

படி 6: தவிலையும் அறையையும் பிரித்துக் கேளுங்கள்

அறையும் தாழ்ந்த ஒலியைக் கூட்டும்: எங்கள் ஹாலின் 12 அடி அகலம் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸையும் 16 அடி நீளம் 35 ஹெர்ட்ஸையும் தானாகவே பெருக்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் இது இன்னும் கூடும். பெரிய டவர்கள் இந்த இடம்வரை இறங்குவதால், சிறு ஹாலில் அவை மந்தமாக ஒலிக்கின்றன என்ற பழிக்கு ஆளாகின்றன. நாற்காலியை ஓர் அடி முன்னே நகர்த்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் கோயிலுக்குத் தவில் வாசிக்கும் அண்ணாச்சியை அழைத்து வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். திருகு திரும்பியதும், தவிலின் வலப்பக்கத்தில் விரல்கூடு மாட்டி வாசிக்கும் அவரது வலக்கை விரல்கள் தொடையில் தாமாகத் தட்டத் தொடங்கின. தவிலின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர்.

"தம்பி, முதலில் வந்ததில் விரல்கூடு தோலில் படுவது கேட்கிறது. இதில் தொப்பி நன்றாக உருள்கிறது, ஆனால் அடி விழுந்த பிறகும் நிற்க மாட்டேன் என்கிறது."

"தொப்பி நிற்காதது அறையாக இருக்குமா அண்ணாச்சி?"

"நாற்காலியை நகர்த்து, சொல்கிறேன்."

நகர்த்தினோம். உருளல் பாதியாகக் குறைந்தது.

படி 7: ஜோடியாக, தாழ்ந்த ஒலியில்

இப்போது ஸ்டீரியோவுக்கு வாருங்கள். அதே மோனோ பதிவை ஒரே நிறுவனத்தின் ஜோடியில் ஓடவிட்டால் நாதஸ்வரம் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் சாக்பீஸ் குறியைச் சரிபாருங்கள். பிறகு, தெரு அடங்கிய இரவில் பத்து மணிக்கு மேல், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் ஒரு விருத்தம் போடுங்கள். நாம் தினமும் கேட்கப்போவது அந்த அளவில்தான்.

அந்த அளவிலும் சொல்லின் கடைசி எழுத்துவரை என் காதில் விழுந்தது ஆர்7இல். அதையே வைத்துக்கொண்டேன். தன் வீடாக இருந்தால் 702தான் என்றார் அண்ணாச்சி. விரல்கூட்டின் ஓசை அவருக்கு அதில்தான் கிடைத்தது.