கூடுதல் விதிப்புத்தகங்கள்: டி அண்ட் டி குழுக்கள் சறுக்கும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேஜை விளையாட்டு. அதை ஆட அடிப்படையான புத்தகங்கள் மூன்றே. பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல். மற்றதெல்லாம் கூடுதல். ஆனால் அச்சாகி வந்துவிட்டது, காசு கொடுத்து வாங்கியும் விட்டேன், அதனால் எங்கள் ஆட்டத்தில் இது செல்லும் என்று ஒருவர் புதுக் கேரக்டரோடு வந்து உட்காருவதில்தான் பாதித் தகராறு ஆரம்பிக்கிறது. 2020-இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் புத்தகமே தன்னில் உள்ளது எல்லாம் விருப்பத்துக்கு உரியது, எதைச் சேர்ப்பது என்று டிஎம்மும் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) குழுவும் முடிவு செய்யட்டும் என்று முன்னுரையில் சொல்லிவிடுகிறது. முன்னுரையை யார் படிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிரான தவறு, புத்தகத்தையே மொத்தமாக அனுமதிப்பது அல்லது மொத்தமாகத் தடை செய்வது. அதே டாஷாவில் ட்வைலைட் கிளெரிக் இருக்கிறது, கிளெரிக் என்ற கிளாஸுக்கு (கேரக்டரின் தொழில் வகை) ஒரு சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு. அதன் சக்தியை இயக்கினால் ஒரு நிமிடத்துக்கு, 30 அடிக்குள் தன் முறையை முடிக்கும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு ஆறுமுகப் பகடையும் கிளெரிக்கின் லெவலும் சேர்ந்த அளவு தற்காலிக உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும். ஐந்தாம் லெவலில் சராசரியாக எட்டரை, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும், நாலு பேருக்கும். டிஎம் கணக்குப் போட்டு வைத்த சண்டை அங்கேயே காலி. அதற்காக முழுப் புத்தகத்தையும் தூக்கிப் போட்டால், ரேஞ்சர் என்ற கிளாஸில் ஆடுபவருக்கு அதில் உள்ள நல்ல மாற்றங்களும் சேர்ந்து போய்விடும், பாவம் தன் கிளாஸ் பலமில்லை என்று ஏற்கெனவே நொந்துபோனவர் அவர். சப்கிளாஸ், ஸ்பெல் (மந்திரம்) என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதிப்பதுதான் சரி.

தனியாகப் பார்க்கும்போது சாதுவாக இருப்பது, சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரி ஆகும். ஜனாதார்ஸ் கைடு என்ற இன்னொரு கூடுதல் புத்தகத்தில் (2017) உள்ள ஹெக்ஸ்பிளேட், வார்லாக் என்ற மந்திரவாதி கிளாஸின் சப்கிளாஸ். அது கரிஸ்மா என்ற ஆளுமைத் திறன் எண்ணை வைத்தே ஆயுதத்தால் தாக்கலாம் என்கிறது. பாலடின் என்ற புனித வீரர் கிளாஸுக்கு ஸ்பெல்லும் கரிஸ்மாவில்தான், பாதுகாப்பு வளையமும் கரிஸ்மாவில்தான். ஆக, பாலடின் கூடவே ஒரே ஒரு லெவல் வார்லாக் எடுத்தால் போதும், எல்லாவற்றையும் ஒரே எண் பார்த்துக்கொள்ளும். டி அண்ட் டியின் அதிகாரபூர்வப் பொது ஆட்டத் தொடரான அட்வென்ச்சரர்ஸ் லீகில் முன்பு, ஒரு கேரக்டருக்கு ஹேண்ட்புக்கோடு இன்னும் ஒரே ஒரு புத்தகம்தான் என்று விதி வைத்திருந்தார்கள். நல்ல விதிதான், ஆனால் இந்தச் சேர்க்கை அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது! எனவே புத்தகத்தை எண்ணுவதை விட, முழுக் கேரக்டர் ஷீட்டையும் ஆட்டத்துக்கு முன்னாலேயே வாங்கிப் பார்ப்பது மேல்.

2014 பதிப்புக்கு வந்த பழைய துணைப்புத்தகங்களை 2024 ஹேண்ட்புக்கோடு கலக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பழைய விதியில் கேரக்டரின் இனம் (எல்ஃப், குள்ளர் மாதிரி) திறன் எண்களை ஏற்றும், புதியதில் பின்னணி (அவர் முன்பு வாழ்ந்த வாழ்க்கை) ஏற்றும். பழைய இனத்தையும் புதிய பின்னணியையும் அப்படியே சேர்த்து எழுதினால் இரண்டு தடவை ஏறிவிடும், புது ஆட்கள் இதைத் தெரியாமலேயே செய்கிறார்கள். அப்புறம், 2024-இல் எல்லா சப்கிளாஸும் மூன்றாம் லெவலில்தான் தொடங்குகிறது, ஆகவே ஹெக்ஸ்பிளேட் முதல் லெவலில் கிடைக்காது. ஆனால் அங்கே வார்லாக் முதல் லெவலிலேயே எடுக்கக்கூடிய பாக்ட் ஆஃப் தி பிளேட் என்ற சக்தியும் கரிஸ்மாவால் தாக்க விடுகிறது, எனவே மேலே சொன்ன வித்தை வேறு வழியில் பலிக்கும்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஒரு ஸ்பெல் தொல்லை கொடுக்கிறது என்று தெரிந்தால் (சில்வரி பார்ப்ஸ் நல்ல உதாரணம், முதல் லெவல் ஸ்பெல்தான், எதிரி ஜெயித்த பகடையை மறுபடி உருட்ட வைத்து நம் ஆள் ஒருவருக்குச் சாதகமும் கொடுக்கும்), சண்டையின் நடுவில் வெட்டாதீர்கள். அன்றைய ஆட்டம் முடிந்ததும் பேசி, பதிலுக்கு வேறு ஸ்பெல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாங்குவதிலும் கவனம். 2022-இல் வந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸில் பெரும்பகுதி பழைய வோலோஸ் கைடிலும் மோர்டன்கைனன் புத்தகத்திலும் இருந்தவற்றைத் திருத்தி மறுபடி போட்டதுதான், மூன்றையும் வாங்கினால் காசு தண்டம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2014 விதியில் ஆடுபவர்களுக்கு நான் சொல்வது ஜனாதார். பொறிகள், கருவிகளின் பயன், நிலப்பரப்புக்கு ஏற்ற திடீர்ச் சந்திப்புப் பட்டியல்கள் என்று டிஎம்முக்கும் வேலைக்கு ஆகும் சரக்கு அதில் நிறைய.