பனி உருகும் ஆற்றில் ட்ரவுட் மீன்: ஓரத்தை விட்டு நகராதீர்கள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மே நடுவில் மலைப்பனி உருகி இறங்கத் தொடங்கினால் ஜூன் கடைசி வரை பலர் ஃப்ளை ராடை (‘ஃப்ளை’ என்ற செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கழி) பரணில் போட்டுவிடுவார்கள். ஆறு டீ நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடும்போது அதில் என்ன பிடிப்பது என்ற எண்ணம்தான். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒருநாள் கரையிலிருந்து முழங்கால் ஆழத்துக்கு இறங்கியபோது என் கால் பட்டு ஒரு பெரிய பிரவுன் ட்ரவுட் தெறித்து ஓடும் வரை.

கிளம்புவதற்கு முன் யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம்) இணையதளத்தில் அந்த ஆற்றின் நீரளவு வரைபடத்தைப் பாருங்கள். மேட்டூர் செய்தியில் வருகிற அதே கன அடிக் கணக்குதான். யெல்லோஸ்டோன் ஆற்றில் வெள்ளத்தைத் தேக்கிவைக்கப் பெரிய அணை கிடையாது, அதனால் லிவிங்ஸ்டன் ஊரருகே குளிர்காலத்தில் வினாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் கன அடி ஓடுகிற ஆறு ஜூனில் 20,000-ஐத் தொடுவது புதிதல்ல. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறுகிற நாளில் குப்பையும் சேறும் புதிதாக வரும், மீன் வாயைத் திறக்காது. இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் கிளம்பலாம். மலையில் ராத்திரி உறைகுளிர் அடித்ததா என்பதையும் பாருங்கள், ராத்திரி உருகல் நின்றால் ஆறு கொஞ்சம் தெளியும். மதியம் உருகிய நீர் கீழ்ப்பகுதிக்கு வந்துசேர நள்ளிரவோ மறுநாள் காலையோ ஆகிவிடும் என்பதால், ‘காலையில் போனால் தெளிவாக இருக்கும்’ என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

ஆற்றுக்குப் போனதும் ராடின் நுனியை நீருக்குள் விடுங்கள். ஓரடி ஆழத்தில் தெரிந்தால் போதும், இரண்டடி தெரிந்தால் கொண்டாட்டம். கலங்கலில் பச்சை தட்டினால் நல்லது, சாக்லேட் பால் மாதிரி இருந்தால் வீட்டுக்குப் போங்கள்.

சரி, எங்கே போடுவது? நடு ஆற்றின் இழுப்பில் எந்த மீனும் நிற்காது, எல்லாம் கரையிலிருந்து இரண்டு மூன்றடிக்குள் ஒதுங்கியிருக்கும். புல் மூழ்கிய ஓரம், பாறைக்குப் பின்னால் நீர் சும்மா சுற்றும் இடம், கிளை வாய்க்கால் சேரும் முனை, இவைதான் உங்கள் இடங்கள். நீருக்குள் இறங்கவே வேண்டாம், பத்துப் பதினைந்து அடி லைன் போதும். அழகாக வீசிக் காட்ட வேண்டிய நாள் இது இல்லை.

கட்ட வேண்டியது: ரப்பர் கால் வைத்த பெரிய ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் (ஸ்டோன்ஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் இளம்பருவம் மாதிரி கட்டிய ஃப்ளை), 6 அல்லது 8 எண் கொக்கியில், அதற்குக் கீழே சிவப்பு சான் வான் புழு. மண்புழு மாதிரி கட்டிய அதை ஃப்ளை என்று சொல்வதே பாவம் என்பவர்கள் உண்டு, வெள்ளம் கரையை அரித்து நிஜப் புழுவையே அடித்து வரும்போது மீனுக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்டோன்ஃப்ளைக்கும் காரணம் உண்டு: சால்மன்ஃப்ளை என்ற பெரிய ஸ்டோன்ஃப்ளை நீரிலிருந்து வெளிவரும் முன் அதன் நிம்ஃப்கள் கரையை நோக்கித்தான் ஊர்ந்து வரும். கலங்கலில் மீனுக்கு லைன் தெரியாது, ஆகவே தடிமனான 1எக்ஸ் டிப்பெட்டே (லைன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் நரம்பு) கட்டுங்கள், ஈயமும் தாராளமாக. ஆற்றின் அடியில் தட்டவில்லை என்றால் இன்னொரு ஈயக் குண்டு சேருங்கள். இதெல்லாம் எடுபடாவிட்டால் கறுப்பு ஊலி பக்கரை (சின்ன மீன் மாதிரி நீரில் இழுக்கும் ஃப்ளை) கரையோரமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

வேடர்ஸ் (நீருக்குள் இறங்கப் போடும் நீர்புகாக் காற்சட்டை) போட்டால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், அடிக்கடி ஆற்றின் மேல்பக்கம் திரும்பிப் பாருங்கள், முழு மரமே மிதந்து வரும். அரித்துப்போன கரையின் விளிம்பில் நிற்காதீர்கள்.

எல்லா ஆறும் சேறாக இருந்தால் அணைக்குக் கீழே போவதுதான் வழி. மிசௌரி ஆற்றில் ஹோல்டர் அணைக்குக் கீழே நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், படகுக் கூட்டமும் அதற்கேற்றபடி. அங்கேயும் லிட்டில் ப்ரிக்லி பேர் ஓடை கலங்கி வந்து சேரும் நாட்கள் உண்டு, அப்போது ஓடை கலக்கும் இடத்துக்கு மேலேயே நின்றுகொள்ளுங்கள்.