தோட்டத்து வீட்டு டிஜிட்டல் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுதல்: சுங்கை சிப்புட்டுக்கு வருவோருக்கான குறிப்புகள்

வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு விடுமுறையில் வருகிறவர்கள், உறவினர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வீடியோ கேசட்டுகள் சில கிடப்பதைக் காணக்கூடும். அவை மினிடிவி கேசட்டுகள். தமிழில் எழுதினால் சின்னத் தொலைக்காட்சி என்று தோன்றும், ஆனால் பொருள் அதுவன்று; இங்கே டிவி என்பது டிஜிட்டல் வீடியோ (DV). 1995இல் அறிமுகமான இந்த வகைக் கேசட்டில் திருமணம், திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் பதிவாகியிருக்கும். கித்தா (ரப்பர்) மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த மக்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு, குடிபெயர்ந்த தோட்டங்களில், பழைய வாசலையும் கோயில் மேடையையும் மீண்டும் பார்ப்பதற்கு இந்தக் கேசட்டுகளை விட்டால் வேறு வழியில்லை.

முதலில் தேட வேண்டியது கேசட்டை அன்று. அதைப் பதிவு செய்த கேமராவை. நீண்ட நேரப் பதிவு முறையில், அதாவது 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் எடுக்கும் முறையில், பதிந்தவை பெரும்பாலும் அதே கேமராவில் மட்டுமே ஒழுங்காக ஓடும். கேமராவை நீங்களே கொண்டுவருவதாயின், மலேசியாவில் விற்ற கேமராக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறையைச் சேர்ந்தவை, நொடிக்கு 25 படம், 576 வரி, என்பதை மறக்கக் கூடாது. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ வாங்கியது பொருந்தும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாங்கியவை என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறையைச் சேர்ந்தவை என்பதால், பெரும்பாலும் இங்குள்ள கேசட்டை ஒழுங்காகக் காட்டமாட்டா. அதே காரணத்தால், டொராண்டோவிலிருந்து ஒரு சித்தப்பா தம் கேமராவோடு வந்து எடுத்துவிட்டுப் போன கேசட்டுக்கு அந்த ஊர்க் கேமராதான் வேண்டும்.

கேமராவையும் கணினியையும் இணைப்பது ஃபயர்வயர் கம்பி. சோனி கேமராவில் ஐலிங்க் என்று எழுதியிருக்கும். கேமரா பக்கத்துத் துளை நான்கு முனை கொண்ட சிறியது. பக்கத்திலேயே உள்ள யூஎஸ்பி துளை பெரும்பாலான கேமராக்களில் நிழற்படங்களுக்கும் தரம் குறைந்த வீடியோ ஓட்டத்துக்குமே உதவும். ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் உள்ள மலிவான கம்பியை இணையக் கடையில் பார்த்து ஏமாற வேண்டாம். அது வேலை செய்யாது. புதிய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் இல்லை. மேக்ஓஎஸ் 26 பதிப்பில் அதற்கான ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது. எனவே ஃபயர்வயர் துளையுள்ள பழைய மடிக்கணினி ஒன்றை, 2012ஆம் ஆண்டு மேக்புக் புரோ போன்றதை, ஊரிலிருந்து புறப்படுமுன்பே சோதித்து எடுத்துவருவது நலம். விண்டோஸில் விண்டிவி, லினக்ஸில் டிவிகிராப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும்.

இங்கே நடப்பது மறுபதிவு அன்று. நாடாவிலுள்ள எண்தரவு அப்படியே கோப்பாக இறங்குகிறது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரமும் ஏறத்தாழ 13 ஜிபி இடமும் வேண்டும். வட்டு எஃப்ஏடி32 (FAT32) என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பதினெட்டு நிமிடம் கடந்ததும் பதிவு அறுந்துபோகும். எனக்கு நேர்ந்தது வேறு. ஊரிலுள்ள ஒரு கடையில் ஐந்து கேசட்டுகளைக் கொடுத்து, டிவிடியாக வாங்கிவந்தேன். வெட்டித் தொகுக்க உட்கார்ந்தபோதுதான், மறுசுருக்கத்தில் தீமிதிக் காட்சியின் நெருப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருப்பது தெரிந்தது. தொகுப்பதற்கு மூலக்கோப்பே வேண்டும்.

குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து கேமராவை நேரே தோட்டத்துப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் படியும். நெகிழிப் பையில் கட்டி வைத்து, ஒரு மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே வேண்டாம். மற்றவற்றில் பதிவுத் தடுப்பு விசையைத் தள்ளி, ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பின் தொடங்குங்கள். படத்தில் சதுரக் கட்டங்கள் சிதறினால் பெரும்பாலும் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் அழுக்கு. உலர்ந்த துப்புரவுக் கேசட்டைப் பத்து விநாடி ஓட்டினால் போதும், அதற்கு மேல் தேய்மானம். பேராக்கில் பிற்பகல் மழை இடியோடு வருவது வழக்கம், ஆகவே காலையில் பசியாறியதும் வேலையைத் தொடங்குவது நல்லது.

கேசட் ஓடும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு, அது நம்ம நாலாம் லயத்து வாசல்தானே?" என்று என் பெரியம்மா கேட்டபோது நான் நிறுத்தினேன், அது தவறு. நிறுத்தினால் சுழலும் தலை நாடாவின் ஒரே இடத்தைத் தேய்க்கும், கோப்பும் துண்டாகும். அடுத்த கேசட்டிலிருந்து கைப்பேசியில் ஒலிப்பதிவை முடுக்கி மேசைமேல் வைத்துவிட்டேன். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், அந்தத் தட்டொலி அடையாளத்தைக் கொண்டு, அவர் சொன்ன பெயர்களைப் பின்னர் படத்தோடு பொருத்த முடிகிறது.

தொகுப்பு மென்பொருளில் 720×576, 25 படம், கீழ்ப்புலம் முதலில் (lower field first) என்று அமைக்க வேண்டும். ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட வரிகளாலான இரு புலங்களாகப் பதிவாகியிருக்கும். அவற்றின் வரிசை மாறினால் அசைவு தடுமாறும். பதிவு செய்த நாளும் நேரமும் தரவிலேயே இருக்கும், ஆனால் கேமராவின் கடிகாரத்தை யாரும் சரிசெய்யாமல் விட்டிருந்தால் அதை நம்ப முடியாது.

விமான நிலைய எக்ஸ்ரே கேசட்டைக் கெடுக்காது. ஆயினும் கேசட்டை உரியவரிடமே விட்டு, கோப்புகளை இரு வட்டுகளில் பதிந்து, ஒன்றை அங்கே வைத்து மற்றதைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். மூலக்கோப்பு வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடாமல் போகக்கூடும். பென்டிரைவில் எம்பி4 பிரதி ஒன்றைக் கொடுத்து, அன்று மாலையே அவர்கள் எதிரில் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.