கல்லீரல் செல்லின் வாசலில் நாம் சறுக்கும் இடங்கள்

"கொழுப்பில் கரையும் பொருள்தானே, சவ்வைத் தாண்டிவிடும்" என்ற வரி கல்லீரல் பற்றிய விடைத்தாள்களில் சலிக்காமல் வருகிறது. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமியான பிலிரூபின், எதனோடும் இணைவுறாத நிலையில், ஓரளவு அப்படி நுழையலாம். குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைந்த பிலிரூபினுக்கோ கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான பிரவாஸ்டாட்டினுக்கோ அந்த வழி பெரிதும் உதவாது. எதிர்மின்னேற்றம் கொண்ட இவற்றைச் சவ்வில் பதிந்துள்ள கடத்திப் புரதங்களே உள்ளே இழுக்கின்றன.

இப்பொருள்களை இரத்தத்தில் சுமந்துவரும் புரதமான அல்புமினும் கூடவே உள்ளே போவதாக நினைப்பது இன்னொரு சறுக்கல். அல்புமின் இரத்த நுண்குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியே செல்லின் விளிம்புவரை வந்து, சுமையை விட்டுவிட்டு வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் அல்புமினே இல்லாத கரைசலில் அளந்துவிட்டு, அந்த வேகத்தை அப்படியே உடலுக்குப் பொருத்துவதும் இதே குழப்பத்தின் நீட்சிதான்.

செல்களை வைத்த கரைசலிலிருந்து சோடியத்தை நீக்கியும் உள்ளெடுப்பு குறையவில்லையே என்று சோதனையைக் குப்பையில் போடாதீர்கள். பித்த அமிலங்களைப் பெருமளவு ஏற்றும் என்டிசிபி என்ற கடத்திக்குத்தான் சோடியம் வேண்டும்; ஓஏடிபி என்ற கடத்திக் குடும்பத்துக்கு வேண்டாம். நேரமும் முக்கியம். முதல் ஓரிரு நிமிடத்தில் கிடைப்பதே நுழைவின் வேகம். அரை மணி நேரம் காத்திருந்தால் உள்ளே நடந்த வேதிமாற்றமும் வெளியேற்றமும் கலந்துவிடும். கடத்திகள் ஓய்ந்துவிடும் பனிக்கட்டிக் குளிரில் வைத்த செல்களின் அளவைக் கழிக்க மறந்தால், சவ்வில் வெறுமனே ஒட்டியிருப்பதும் கணக்கில் ஏறிவிடும்.

பெரிய பிழை ரோட்டர் நோய்க்குறி என்ற பரம்பரை நோயில்தான் நடக்கிறது. இரத்தத்தில் இணைவுற்ற பிலிரூபின் உயர்ந்தால் உடனே "பித்தத்துக்குள் வெளியேற்றம் தடைப்பட்டது" என்று எழுதிவிடுகிறோம். டூபின்-ஜான்சன் நோய்க்குறி என்ற இன்னொரு பரம்பரை நோய்க்கு அது சரி. அங்கே பித்தத்துக்குள் வெளியேற்றும் எம்ஆர்பி2 கடத்தி பழுதாகிறது, கல்லீரலும் கறுக்கிறது. ரோட்டரில் கறுப்பு இல்லை. ஓஏடிபி குடும்பத்தைச் சேர்ந்த ஓஏடிபி1பி1, ஓஏடிபி1பி3 இரண்டுமே இல்லாததுதான் காரணம் என்று 2012இல் தெரியவந்தது. நலமான கல்லீரலிலும் செல்கள் இணைவுற்ற பிலிரூபினில் ஒரு பகுதியை இரத்தத்துக்கே திருப்பித் தள்ளுகின்றன. சற்றுத் தள்ளியுள்ள செல்கள் அதை மீண்டும் பொறுக்கிக்கொள்கின்றன. அந்தப் பொறுக்கல் நின்றால் அது இரத்தத்திலேயே தேங்குகிறது. எனவே இது வாசல் அடைபட்ட நோய். வடிகாலில் கோளாறு இல்லை.

மருந்துகளிலும் இதே கதை. பிரவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டினோடு, நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் சேரும்போது, மருந்தைச் சிதைக்கும் நொதிகளை மட்டும் பார்ப்பவர்கள் ஓஏடிபி1பி1 தடுக்கப்படுவதைத் தவறவிடுகிறார்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இன்னும் ஏமாற்றும்: ஒற்றை வேளை மருந்து இந்த வாசலைத் தடுக்கிறது, தொடர்ந்து கொடுத்தாலோ சிதைக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. ஆகவே எத்தனையாவது நாளில் இரத்தம் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகலாம்.