பிப் காசு கூட வந்திட்டுது எண்டு பதறி விடுற பிழையள்

2025 கடைசியில ஒரு நாள் காலமை எங்கட சித்தப்பா போன் எடுத்து, "தம்பி, என்ர பாங்கில ஆற்றையோ காசு விழுந்து கிடக்கு, ஒருக்கா வந்து பார்" எண்டார். போய்ப் பாத்தா ஸ்டேட்மெண்டில டிடபிள்யூபி பிப் எண்டு போட்டு 2,792 பவுண். டிடபிள்யூபி எண்டுறது இங்க பெனிபிட் குடுக்கிற அரசாங்கத் திணைக்களம், பிப் எண்டுறது வருத்தத்தால அன்றாட அலுவலும் நடையும் ஏலாதவைக்கு அவை குடுக்கிற காசு. ஸ்ட்ரோக் வந்து வலக்கை வழங்காத மனுசன், ரெண்டு நாளா நித்திரை இல்லையாம், திருப்பிக் கேட்டு கோர்ட்டுக்கு இழுப்பாங்களோ எண்டு. கடிதம் எங்க எண்டு கேட்டா, அது முதலே வந்திருக்கு, அரசாங்கக் கடிதம் வாற பிரவுண் என்வலப் எண்டபடியா பயத்தில உடைக்காம மைக்ரோவேவுக்கு மேல வைச்சிருக்கிறார்.

இங்க லண்டனில எங்கட ஆக்கள் கன பேர் விடுற முதல் பிழை அதுதான். கடிதத்தைப் பாக்காம தொகையை மட்டும் பாத்துப் பயப்பிடுறது. பிப் நீங்கள் போன் பண்ணி கிளெய்ம் தொடங்கின நாளில இருந்து கணக்கு, முடிவு வர நாலஞ்சு மாதம் இழுத்தா அவ்வளவு கிழமைக் காசும் ஒண்டா விழும். பிப்ல ரெண்டு பகுதி இருக்கு, அன்றாட அலுவலுக்கு டெய்லி லிவிங், நடை போக்குவரத்துக்கு மொபிலிட்டி. சித்தப்பாவுக்கு டெய்லி லிவிங் கூடின ரேட், மொபிலிட்டி குறைஞ்ச ரேட். 2025-26 கணக்குக்கு கிழமைக்கு 110.40 உம் 29.20 உம், ரெண்டும் சேர்ந்து 139.60. இருபது கிழமையால பெருக்கிப் பாருங்கோ, சரியா 2,792. இனி நாலு கிழமைக்கு ஒருக்கா 558.40 தான் வரும். பெருசாத் தெரிஞ்சது பழைய பாக்கி, வேற ஒண்டுமில்லை.

கணக்கு விளங்கின பிறகும் ஆள் விடேல்ல. "எனக்கு ஏன் கூடின ரேட், நான் நடக்கிறன், சட்டை போடுறன், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னை விட மோசம், அவருக்கே குறைஞ்ச ரேட்தானே" எண்டு நிண்டார். போன் எடுத்து கூடத் தந்திட்டியள் எண்டு சொல்லப் போறாராம். நான் மறிச்சுப் போட்டு கடிதத்தில இருந்த பொயிண்ட்ஸை ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினன். சமைக்க ஒராள் உதவி வேணும், 4. சாப்பாட்டை வெட்டிக் குடுக்க வேணும், 2. குளிக்கிற தொட்டிக்குள்ள ஏறி இறங்க ஆள் வேணும், 3. மேலுடுப்புப் போட உதவி வேணும், 4. மொத்தம் 13, கூடின ரேட்டுக்கு 12 காணும். "சட்டை நான்தானே போடுறன்" எண்டார் திரும்பவும். சித்தி அடுப்படியில நிண்டபடியே "பொத்தான் ஆர் பூட்டுறது?" எண்டு கேட்டா, அதோட ஆள் அமைதி.

எங்கட சனத்துக்கு இது பெரிய சிக்கல், மனிசி செய்து தாறதை உதவி எண்டே கணக்கில எடுக்கிறேல்ல. பிப் பாக்கிறது வருத்தத்தின்ர பேரை இல்லை. ஒரு அலுவலை நீங்கள் ஆபத்தில்லாம, ஒழுங்கா, திரும்பத் திரும்ப, மற்றவை எடுக்கிற நேரத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல போகாம செய்வியளோ எண்டுதான் பாக்கினம், அதுவும் பாதி நாளுக்கு மேல உங்கட நிலை எப்பிடி எண்டு. நல்ல நாளில ஒருக்கா செய்து காட்டினதை வைச்சு உங்களுக்கு நீங்களே மார்க்ஸ் குறைக்காதேங்கோ. பக்கத்து வீட்டுக்காரர்ட அவார்டோட ஒப்பிடுறதிலயும் பிரயோசனம் இல்லை, ஒருவேளை அவருக்குத்தான் குறைச்சுக் குடுத்திருக்கினமோ என்னவோ.

சரி, உண்மையாவே பிழை இருந்தா? முதல்ல போன் எடுத்து அசெஸ்மெண்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கோ, பிஏ4 எண்டு சொல்லுவினம், கொப்பி அனுப்புவினம். நீங்கள் நூறு மீட்டர் நடப்பன் எண்டு சொல்ல அதில இருபது மீட்டரும் ஏலாது எண்டு எழுதியிருந்தா அது உண்மையான பிழை, அதை மறைச்சுக்கொண்டு இருக்காம எழுத்தில சொல்லுங்கோ, கொப்பி ஒண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ஆனா ரிப்போர்ட் பாக்காம சும்மா "எனக்குக் கூடத் தந்திட்டியள்" எண்டு சொன்னா, அல்லது மொபிலிட்டியைக் கூட்டித் தாங்கோ எண்டு மாண்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவைத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேட்டா, அவையள் முழு அவார்டையும் திரும்பப் பாக்கலாம், மற்றப் பக்கம் குறையலாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. கேக்கிறதெண்டா கடிதத் திகதியில இருந்து ஒரு மாதத்துக்குள்ள கேக்க வேணும், அதுக்குள்ள பெனிபிட் விசயத்தில உதவுற வெல்ஃபேர் ரைட்ஸ் ஆளிட்டயோ, இலவசமா ஆலோசனை சொல்லுற சிட்டிசன்ஸ் அட்வைஸிலயோ காட்டிப்போட்டுச் செய்யுங்கோ.

காசு திருப்பிக் கேப்பினமோ எண்ட பயத்துக்கு ஒரே பதில் இல்லை. பிப்ல நீங்கள் எல்லாத்தையும் உண்மையாச் சொல்லியும் அவையள் முடிவில பிழை விட்டா, பொதுவா அதைச் சட்டப்படி அறவிடேலாது, 2010இல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாச் சொன்னது. வருமானம் குறைஞ்சவைக்குக் குடுக்கிற யூனிவர்சல் கிரெடிட் அப்பிடி இல்லை, பிழை முழுக்க அவையின்ர எண்டாலும் திருப்பிக் கேக்கலாம். ரெண்டையும் குழப்பி "கவர்மெண்ட் பிழை, நாங்கள் கட்டத் தேவையில்லை" எண்டு சொல்லித் திரியிற ஆக்கள் இருக்கினம், நம்பாதேங்கோ. ஒரே தவணைக் காசு ரெண்டு தரம் விழுந்திருந்தா அதைத் தொடாமச் சொல்லுங்கோ.

உண்மையில ஆக்கள் மாட்டுறது அவார்டில இல்லை, பிறகு சொல்லாம விடுறதிலதான். ஆஸ்பத்திரியில 28 நாளுக்கு மேல படுத்தா பிப் நிக்கும், சொல்லாம இருந்தா கடன் ஏறும். ஊருக்குப் போறதும் அப்பிடித்தான். யாழ்ப்பாணத்தில கோயில் திருவிழா, கலியாணம் எண்டு நாலு கிழமைக்கு மேல நிக்கிறதெண்டா முதலே அறிவிக்க வேணும், சாதாரணப் பயணத்துக்கு 13 கிழமைதான் எல்லை. நீங்கள் சொன்னதை விட நடை நல்லாத் தேறினாலும் சொல்லத்தான் வேணும்.

பாக்கிக் காசு விழுந்த உடன சேமிப்புக் கூடினா யூனிவர்சல் கிரெடிட் குறையும் எண்டு பயந்து மகளின்ர எக்கவுண்டுக்கு மாத்துறதும் தேவையில்லாத வேலை. பெனிபிட் பாக்கியை யூனிவர்சல் கிரெடிட் ஒரு வருசத்துக்கு சேமிப்பில சேர்க்காது. மாத்தினாத்தான் ஏன் மாத்தினனீங்கள் எண்டு கேள்வி வரும்.

வருத்தக்காரரைப் பாக்கிறவைக்குக் குடுக்கிற கேரர்ஸ் எலவன்ஸ் தான் போடலாமோ எண்டு சித்தி கேட்டா. போடலாம், கிழமைக்கு 35 மணித்தியாலம் பாத்தாச் சரி. ஆனா அவ கடையில வேலை, அந்த 2025-26 வருசத்துக்கு வரி கழிச்சு கிழமைக்கு 196 பவுண்தான் சம்பள எல்லையா இருந்தது, ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமை முழுக்கப் போகும். கிறிஸ்மஸ் ஓவர்டைம் வருதாம். அதனால பேஸ்லிப்பெல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வரச்சொன்னன், மைக்ரோவேவுக்கு மேல தேடிப் பாத்தா அங்க இன்னும் ரெண்டு பிரவுண் என்வலப் உடைக்காமக் கிடக்கு.